அரங்கிற் சிந்தும் கண்ணீர்

நாடகம் பார்த்து அழுகின்ற ஒருவனை இரக்கமுடையவன் என்று கொள்ளலாமா? இவ்வினா மிகப் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே, கிரேக்க நாட்டின் பெரே என்னும் நகரை ஆண்ட அலெக்சாந்தர் என்ற கொடுங்கோலனைப் பற்றிப் புளூட்டாக் ஒரு செய்தி கூறுகின்றார். (மாசிடோனியப் பேரரசன் வேறு, இவன் வேறு.) யூரிப்பிடீசின் ‘துரோய்ப் பெண்கள்’ நாடகம் நடந்துகொண்டிருக்கையில் இவன் திடீரென எழுந்து வெளியேறிவிட்டான். நாடகம் பிடிக்காமையால் அன்று. தன்னாற் கொல்லப்பட்டோருக்காக ஒருநாளும் கலங்காத தான், மேடையில் நிற்கும் எக்குபாவுக்கும் அந்திரோமக்கிக்கும் அழுவதைக் குடிமக்கள் கண்டுவிடலாகாதே என்ற வெட்கமே அவனை எழுப்பியது.

இச்செய்தியில் என் மனத்திற் தங்கியது அவனது கொடுமையன்று, அவனது வெட்கமே. நாமோ அரங்கிலிருந்து கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியேறும்போது உள்ளூரச் சிறிது பெருமையும் கொள்கின்றோம். நல்ல நாடகம் என்கின்றோம். அதன் பொருள், நல்ல நெஞ்சம் எமக்குண்டு என்பதுந்தான்.

புனித அகஸ்தீன் தமது ‘ஒப்புதல்கள்’ நூலின் மூன்றாம் பாகத்தில், இளமையிற் கார்த்தேச் நகர அரங்குகளில் தாம் விரும்பி அனுபவித்த துயரங்களை நினைந்து நாணுகின்றார். பார்ப்பவனை உதவிக்கு அழைக்காது, வருந்துவதற்கு மட்டும் அழைக்கும் இரக்கம் எத்தகைய இரக்கம் என்பது அவரது கேள்வி. ரூசோ 1758இல் தலம்பேருக்கு எழுதிய நீண்ட மடலில் இதனை இன்னும் கூர்மையாக்கினார். கற்பனைத் துயருக்குக் கண்ணீர் சிந்தியவுடன் மனிதத்தன்மைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றோம். துன்பப்படுபவன் நேரில் வந்து நின்றாலோ அவன் நமது நேரத்தையும் உதவியையும் ஆறுதலையும் கேட்பான். ஆகையால் மேடையிலுள்ளவனே நமக்கு வசதியானவன் என்பது அவரது வாதத்தின் சாரம்.

இவற்றையெல்லாம் விரிவுரைக் குறிப்புகளாக எழுதிப் படித்து, பரீட்சையில் விடையும் எழுதியிருந்தேன். அவை என்னைத் தொட்டதில்லை. இவ்வாண்டு பங்குனி மாதத்து வார இறுதியொன்றில், அடுத்தடுத்த இரண்டு இரவுகள் இரண்டு அரங்குகளுக்கு முன்னால் அமரவும், அவ்விரண்டு இரவுகளுக்கும் இடைப்பட்ட பகலில் என் வீட்டாருடன் இருக்கவும் நேர்ந்தது. அப்பொழுதுதான் இவ்வினா எனக்குரிய வினாவாயிற்று.

வெள்ளி மாலை பேராதனையில், சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் ‘சிங்கபாகு’. ‘வல’, அதாவது குழி, என்று சிங்கள மாணவர் அன்புடன் அழைக்கும் அவ்வரங்கின் படிகளில் இருள் விழுமுன்னரே இடம் நிறைந்துவிட்டது. எதிரிவீர சரச்சந்திர 1961இல் அரங்கேற்றிய இந்நாடகத்தின் கதை மகாவமிசத்தில் வருவது. சிங்கள இனத்தின் தோற்றம் பற்றிய கதை. அக்கதையின் சின்னங்களை வேறு வேறு இடங்களில், வேறு வேறு மனநிலைகளிற் கண்டு வளர்ந்த தமிழ் மாணவன் ஒருவன் அதனைப் பார்க்கச் செல்கையில் சற்று இறுகிய மனத்துடனேயே செல்வான். நானும் அவ்வாறே சென்றேன். ஆயின் சரச்சந்திர காட்டுவது இனத்தின் பெருமையை அன்று; ஒரு வீடு உடைவதை. சிங்கத் தந்தை குகை வாயிலைக் கல்லால் அடைத்துவிட்டு இரைதேடப் போகின்றது. மகன் கல்லைப் புரட்டித் தாயையும் தங்கையையும் தூக்கிக்கொண்டு மனிதர் வாழும் நாட்டுக்குப் போய்விடுகின்றான். திரும்பிவந்த தந்தை வெறுங்குகையைக் கண்டு புலம்புகின்றது. பிள்ளைகளைத் தேடி ஊரூராய் அலைகின்றது. அந்த அலைச்சலே ஊரவர்க்கு அழிவாகின்றது. அதனைக் கொல்ல வருபவன் அந்த மகனே. மகாவமிசத்தின்படி, மகனைக் கண்ட அன்பினால் அம்பு மூன்றுமுறை தந்தையின் நெற்றியிற் பட்டுத் திரும்பி விழுகின்றது. சினம் எழுந்த பின்னரே அது உடலைத் துளைக்கின்றது. நெஞ்சில் அன்பிருக்கும்வரை அம்பு தைக்காது என்று எண்ணியவன் எவனாயினும், அவன் பெரும் கவிஞனே.

குகையின் முன் சிங்கம் புலம்புகின்ற கட்டத்தில் நான் அழுதேன். எனக்கு அருகிலிருந்த சிங்கள நண்பனும் அழுதான். அவன் இந்நாடகத்தை ஏழாவது தடவையாகப் பார்க்கின்றான்; ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அழுவதாகச் சொன்னான். பாட்டு வருமுன்னரே அவனது உதடுகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. அதனை நான் அப்பொழுது வியப்புடன் கவனித்தேன். அதன் பொருளை மறுநாளே உணர்ந்தேன்.

சனிக்கிழமை அதிகாலை கண்டியிலிருந்து மகியங்கனை வழியாக மட்டக்களப்புக்குப் பஸ். பிற்பகல் இரண்டு மணிக்குப் படுவான்கரையிலுள்ள எங்கள் ஊரை அடைந்தேன். முன்மாரி வேளாண்மை வெட்டி முடிந்து வயல்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அன்றிரவு ஊரிற் கூத்து அரங்கேற்றம். பெரியம்மாவின் கடைசி மகன் அபிமன்யுவாக ஆடுகின்றான் என்பதனாலேயே என்னை வரச்சொல்லி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மாதங்களின் பின் வீட்டுக்கு வருகின்றேன். உணவு, ஊர்ப் புதினம், யார் யாருக்குக் கல்யாணம், யார் கட்டார் போனார், யார் திரும்பி வந்தார் என்ற கதைகள். இவற்றையெல்லாம் நான் விரும்பிக் கேட்டேன். பின்னர், திண்ணையிலே சாய்வு நாற்காலியில் இருந்த அம்மப்பாவிடம் போய் அமர்ந்தேன்.

அம்மப்பாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கால்கள் ஓய்ந்துவிட்டன, காதும் பெரும்பாலும் கேளாது. ஒரு காலத்தில் இந்த ஊர்க் களரியிலே பேர்பெற்ற கூத்தர். இப்பொழுது அவரிடம் எஞ்சியிருப்பது ஒரு கதை: 1978ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய கதை. காற்று முதலில் எத்திசையிலிருந்து வந்தது, கூரை எவ்வாறு பறந்தது, தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எவ்வாறு சரிந்தன, அம்மம்மா விளக்கை எவ்வாறு சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்தார், தாம் சின்னவனைத் தோளிற் போட்டுக்கொண்டு, பெண்பிள்ளைகள் இரண்டும் சாரத்தின் நுனியைப் பற்றிவர, இடுப்பளவு வெள்ளத்திற் பள்ளிக்கூடத்துக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தார். எப்பொழுது போனாலும் இதே கதை, இதே சொற்கள். நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். அன்றும் தொடங்கினார். நான் தலையை அசைத்துக்கொண்டு, மடியில் வைத்திருந்த தொலைபேசியில், முதல்நாள் நாடகத்தைப் பற்றி நண்பர்கள் எழுதியவற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். சிங்கத்தின் துயரைப் பற்றி ஒருவன் அருமையாக எழுதியிருந்தான்.

“கேக்கிறாயா மனே?”

“ஓம் அம்மப்பா.”

பெரே நகரத்துக் கொடுங்கோலனுக்கு எழுந்துபோகும் அளவுக்காவது வெட்கமிருந்தது.

இங்கே ஒரு சிறு நுட்பம் உண்டு. அம்மப்பாவின் கதை எனக்குத் தெரிந்த கதை. ஆகவே சலிப்புத் தட்டியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயின் தெரிந்த கதை சலிக்கும் என்பது அரங்கைப் பொறுத்தவரை முற்றிலும் பொய். சிங்கம் சாகும் என்பதை அறியாமல் ‘வல’வில் ஒருவர்கூட அமர்ந்திருக்கவில்லை. என் நண்பன் ஏழுமுறை பார்த்தவன். அன்றிரவு கூத்துக்கு வரவிருந்த எங்கள் ஊரவர் யாவரும் அபிமன்யு மடிவான் என்பதைப் பால்குடிப் பருவத்திலேயே அறிந்தவர்கள். தெரிந்த கதையை விடியும்வரை கண்விழித்துப் பார்க்கும் பொறுமை நமக்குண்டு. நடிகன் ஒருவன் அடி பிசகினாலும் மன்னிக்கின்றோம். குரல் கம்மினாலும் பொறுக்கின்றோம். அதே பொறுமையிற் காற்பங்கைத் திண்ணையில் இருப்பவருக்குக் கொடுக்க ஏன் முடிவதில்லை? ரூசோ சொல்வதுபோல அவர் ஏதேனும் கேட்டாலும் ஒரு நியாயமுண்டு. அம்மப்பா பணம் கேட்கவில்லை, பணிவிடை கேட்கவில்லை. அரங்கம் என்னிடம் கேட்பதையே, அதாவது பார்த்திரு, கேட்டிரு என்பதையே, அவரும் கேட்டார்.

கூத்து இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. களரியின் நாற்புறமும் மின்விளக்குகள். பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும். கச்சான் விற்பவர், தேநீர் விற்பவர். மத்தளமும் சல்லரியும் ஒலிக்கக் கட்டியகாரன் வரவு முடிந்து, வெள்ளைத்துணி பிடித்து மறைக்க அரசர்கள் ஒவ்வொருவராகக் களரிக்குள் வந்தார்கள். ‘நான் இன்னான், வருகின்றேன்’ என்று தன்னைத் தானே அறிமுகஞ் செய்து ஆடும் அந்த வரவுகளைக் கண்டுவிட்டு, இதுவன்றோ பிறெக்ற் சொன்ன தூரப்படுத்தல் என்று கூறுவது இன்று நாடகம் பயில்வோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. கூறட்டும். ஆயின் பிறெக்ற் விரும்பாத அளவுக்கு அங்கே கண்ணீரும் உண்டு.

‘சிங்கபாகு’வும் இக்கூத்தும் ஒன்றுக்கொன்று அந்நியமானவையல்ல என்பதையும் இவ்விடத்துக் குறிப்பிடவேண்டும். 1956இல் ‘மனமே’ நாடகத்தை ஆக்கியபோது சரச்சந்திர அடிப்படையாகக் கொண்ட சிங்கள நாடகம மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்துகளை நவீன மேடைக்கு ஏற்பச் சுருக்கி அளித்தபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரே மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். ‘இராவணேச’னில் இராவணனாக ஆடியவர் அன்று மாணவராக இருந்த மௌனகுரு. வெள்ளிக்கிழமை நான் பார்த்ததும் சனிக்கிழமை நான் பார்த்ததும் ஒரு வகையில் உறவினர்கள். எனினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பேராதனையிற் சிங்கமாக ஆடியவர் யார் என்பது எனக்குத் தெரியாது, தெரியத் தேவையுமில்லை. களரியிலோ அபிமன்யு என்பவன், இரண்டு நாள்களுக்கு முன் எங்கள் கிணற்று மோட்டாரைத் திருத்தியவன், எனக்குத் தம்பி. பாதி ஆட்டத்திற் பெரியம்மா களரிக்குள் நுழைந்து அவனுக்குச் சால்வை போர்த்திக் காசும் குத்திவிட்டு வந்தார். கூத்து அதற்காகச் சிறிது நேரம் நின்று, பின்னர் தொடர்ந்தது. ஒருவரும் இதைக் குழப்பமாகக் கொள்ளவில்லை.

காஷ்மீரத்து அபிநவகுப்தர், இரச அனுபவத்துக்கு வரும் தடைகளை எண்ணிக் கூறுமிடத்து, பார்ப்பவன் தன் சொந்த இன்பதுன்பங்களில் ஆழ்ந்திருப்பதையும் அவற்றில் ஒன்றாக வைக்கின்றார். மேடைத் துயரம் யாருக்கும் சொந்தமற்ற பொதுத் துயரமாக மாறும்போதே அது சுவையாகின்றது என்பது அவர் கொள்கை. அரிஸ்டோட்டில், துயர் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பித் தூய்மை செய்கின்றது என்றார். இவ்விரு பெரியோரும் அரங்கிற்காகப் பேசும் வழக்கறிஞர்கள் எனலாம். அவர்களது வாதம் எனக்கு நெடுநாள் உவப்பாயிருந்தது. அது உண்மையாயின், என் கண்ணீருக்கும் அம்மப்பாவுக்கும் தொடர்பில்லை. அது வேறு தளம், இது வேறு தளம். குற்றம் சாட்ட இடமில்லை.

ஆயின், விடியற்காலை நான்கு மணியளவில், அபிமன்யு வியூகத்துள் அகப்பட்டு, வில்லிழந்து, தேரிழந்து, தனித்து ஆடி விழுந்தபோது, எனக்கு முன்பாயில் இருந்த பெரியம்மா அழுதார். அருகிலிருந்த பெண், “உங்கட பொடியன் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போறான், அழாதீங்க அக்கா” என்று சிரித்தார். பெரியம்மா சொன்னார்: “எங்கட தம்பிக்கும் அப்ப பதினாறு வயசுதானே.”

பெரியம்மாவுக்கு உயிரோடிருக்கும் தம்பி ஒருவரே. கட்டாரில் இருக்கும் சின்ன மாமா. அவர் சொன்னது அவரையன்று. சுவரிலே மாலையிட்ட படமாக நான் பிறந்த நாள்முதற் பார்த்துவரும் மற்ற மாமாவை. 1990ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, மண்முனைத் துறையைக் கடந்து போனவர் திரும்பி வரவில்லை. இன்று அத்துறைக்குமேற் பாலமிருக்கின்றது, 2014இற் திறந்தார்கள். அன்று ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையிலேதான் கடக்கவேண்டும். பாதை ஏறியதைக் கண்டவர்கள் உண்டு; இறங்கியதைக் கண்டவர் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒரு கணக்கு. 1990இற் பதினாறு வயதென்றால் 1978இல் நான்கு வயது. அம்மப்பாவின் கதையில் வரும் ‘சின்னவன்’ கட்டார் மாமா என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். கட்டார் மாமா பிறந்தது 1980இல். பிறவாத பிள்ளையை அம்மப்பா எவ்வாறு தோளிற் போட்டுக்கொண்டு போயிருக்க முடியும்?

நாற்பது தடவை கேட்ட கதையில் இந்த எளிய கழித்தலை நான் ஒருமுறையும் செய்யவில்லை. அவர் ஏன் அதே கதையைச் சொல்கின்றார் என்றும் கேட்டதில்லை. முதுமை, மறதி என்று பெயரிட்டுவிட்டேன். அந்தக் கதையிற் பிள்ளை கரை சேர்கின்றான். 

அரங்கு என்னைத் திருத்தியது என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். வெள்ளி இரவு சிங்கத் தந்தைக்காக நான் மெய்யாகவே அழுதேன்; சனி பிற்பகல் அந்தக் கண்ணீரின் ஈரம் எனக்கு ஒரு சிறிதும் உதவவில்லை. ரூசோவின் குற்றச்சாட்டில் அந்த அளவுக்கு உண்மையுண்டு. ஆயின் அவர் சொன்ன காரணம் முழுமையன்று என்றே கருதுகின்றேன். மேடைத் துயரம் எம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை என்பதனால் மட்டும் அது எளிதாயிருக்கவில்லை. சிங்கத்தைத் தனிமையில் விட்டுப்போனவன் சிங்கபாகு, நானல்லன். ஆகவே இரு பக்கமும் இரங்க எனக்கு இடமிருந்தது. திண்ணையிலோ, ஐந்து மாதம் வராதவன் நான். அவர் கதையை முழுதாகக் கேட்டால், அதிலே எனக்கும் ஒரு பாத்திரம் இருக்கின்றதென்பது தெரியவரும். காது கேளாதவர் அவர், கேளாதிருந்தவன் நான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை பிறக்கும் நிலைக்களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைக் கூறுகின்றது. அசைவு என்பது முன்னைய நிலையிலிருந்து தளர்தல். இவற்றுள் இழவும் அசைவும் எங்கள் திண்ணையிலேயே நாள்தோறும் அமர்ந்திருந்தன. ஆயினும் அவற்றுக்குப் பாட்டில்லை, தாளமில்லை, வரவில்லை, விடியலில் முடிவுமில்லை. உருவம் பெறாத துயரத்தை நாம் துயரமென்றே அடையாளம் காண்பதில்லை போலும். அதனைத் தொல்லை என்கின்றோம். பெரியம்மா இதற்கு விலக்கு. அவர் அபிமன்யுவுக்கு அழுதாரா, களைத்துப்போன மகனுக்கு அழுதாரா, தம்பிக்கு அழுதாரா என்று பிரிக்க முடியாது. அபிநவகுப்தர் அதனைத் தடை என்பார். எனக்கு அதனைத் தடையென்று சொல்ல மனம் வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அழுவதற்கு ஓர் இடமில்லாதவர்க்கு அன்றிரவு களரி அந்த இடத்தைக் கொடுத்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை எழுதுவதன்மூலம் அம்மப்பாவையும் நான் ஒரு மேடையில் ஏற்றிவிட்டேன். இதனை வாசிப்போர் சிலரது கண் கலங்கலாம். அவர்களிடம் அவர் எதுவும் கேட்கப்போவதில்லை. அகஸ்தீன் கேட்ட கேள்வி எனக்கும் இவ்விதழின் வாசகருக்கும் இடையிலும் நிற்கின்றது. அதற்கு என்னிடம் விடையில்லை.

ஞாயிறு காலை இரண்டு மணிநேரம் உறங்கி எழுந்து திண்ணைக்குப் போனேன். இம்முறை கதையை முழுதாகக் கேட்பதென்று தீர்மானித்திருந்தேன். தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டேன். அம்மப்பா சூறாவளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூத்தைப் பற்றியே கேட்டார். மத்தளம் யார், பிற்பாட்டு இழுபட்டதா, தம்பி கால் வைத்தது சரியா. காதருகே குனிந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

“அருச்சுனனுக்கு ஆர் ஆடினது?”

சொன்னேன். இளமையில் அதே கூத்தில் அருச்சுனனாக ஆடியவர் அவர்.

“புலம்பல் பாடினானா?”

“பாடினார். நீளமென்று பாதியைக் குறைத்துவிட்டார்கள் அம்மப்பா.”

“குறைக்கப்படாது,” என்றார்.

பின்னர் நெடுநேரம் பேசவில்லை. பெரியம்மா உள்ளே எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். நான் மீண்டும் குனிந்து, சூறாவளியன்று தோளிற் கொண்டுபோனது பெரிய மாமாவைத்தானா என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லையென்றே நினைத்தேன். வாயிற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் பாரமில்ல மனே,” என்றார்.

சற்றுநேரம் கழித்து, “கண்டி பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். ஐந்து மணிக்கு என்றேன். அப்பொழுது பத்து மணிகூட ஆகவில்லை. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.